துடைப்ப நோன்பு

"இது யார் சொன்னதுண்ணே?" என்று புத்தகக்காரம்மா கேட்டபோது கைடு டீயை ஊதிக்கொண்டிருந்தான். டீ எப்போதோ ஆறிவிட்டது. ஆறின டீயை ஒருத்தன் விடாமல் ஊதுகிறான் என்றால் பதில் தேடிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மலைக் கணவாயின் உச்சியில் இருந்த அந்தத் தகரக் கொட்டகைக் கடையில் அவர்கள் இருவரையும் அடுப்படியில் நின்ற கடைக்காரரையும் தவிர யாருமில்லை. காற்று அடித்தால் கூரை படபடத்தது. அந்தச் சத்தத்தில் கேள்வி காதில் விழாத மாதிரி இருந்துவிடலாமா என்று கூட யோசித்தான்.

"எது மேடம்?"

"பெரியவங்க யாராவது இறந்துட்டா வீட்டுல இருக்கிற பாத்திரத்தை எல்லாம் கவுத்து வெச்சிருவாங்கன்னு போட்டிருக்கேன். நேத்து உங்க ஊர்ல ரெண்டு பேர்கிட்ட கேட்டேன். சிரிக்கிறாங்க."

"வெளியாளுங்ககிட்ட சொல்ல மாட்டாங்க மேடம். கூச்சம்."

"எல்லாரும் கூச்சப்படறாங்க. நீங்க ஒருத்தர்தான் கூச்சமே படறதில்ல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் கைடு அந்தக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த மலையையும் இதன் மக்களையும் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று அந்த அம்மா எழுதிய வழிகாட்டிப் புத்தகம் ஏற்கெனவே இரண்டு பதிப்பு கண்டுவிட்டது. கீழே பேருந்து நிலையத்தில் வந்து இறங்குகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கையில் அது இருக்கும். முதல் பக்கத்து நன்றியுரையில் கைடைப் பற்றி 'மலையின் நடமாடும் ஞாபகம்' என்று எழுதியிருந்தாள். அதை மொழிபெயர்த்துச் சொன்ன நாளில் அவன் மனைவி, "நேத்து உப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டாள். மூன்றாம் பதிப்புக்குத்தான் வில்லங்கம் வந்தது. யாரோ படித்த மனிதர் பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்: இந்தப் புத்தகத்தில் சொல்லியிருக்கிற பாதி வழக்கங்களை வேறு எங்கேயும் காணோமே, யாரோ காது குத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறதே என்று. ஒவ்வொன்றையும் நேரில் விசாரித்துவிட்டு வா என்று பதிப்பகம் அந்த அம்மாவை அனுப்பிவிட்டது.

கைடு பிறவிப் பொய்யன் அல்ல. கேட்டால் சும்மா இருக்க முடியாது, அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் கண்ணை விரித்துக்கொண்டு, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கும்போது, "ஒரு அர்த்தமும் இல்லைங்க, சும்மா கிடக்குது" என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. அவர்கள் முகம் வாடிப்போகும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஏதாவது ஒன்றைச் சொல்லி வைப்பான். இந்த முறை மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் அன்றைக்குக் காலையிலேயே, பள்ளத்தாக்கு தெரியும், மேகம் காலுக்குக் கீழே ஓடும் என்றெல்லாம் ஆசை காட்டி அந்த அம்மாவைக் கணவாய்க்கு அழைத்து வந்திருந்தான். சந்தை நாள். ஊரே கீழே போயிருக்கும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு வாய்களிடமும் இவள் பேசாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"சரி, துடைப்பத்துக்கு வருவோம்" என்று அந்த அம்மா பக்கத்தைத் திருப்பினாள்.

துடைப்பம்தான் அந்தப் புத்தகத்திலேயே பேர் போன பக்கம். மஞ்சள் கட்டம் போட்டு, படத்தோடு இருக்கும். அதன் கதை இதுதான். முதல் பதிப்பில் இந்த அம்மாவே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இம்மக்கள் சூதுவாது அறியாதவர்கள். கதவுகளைத் தாழிடுவதில்லை. தயங்காமல் உள்ளே செல்லலாம்.' அதைப் படித்துவிட்டு ஜனங்கள் தயங்காமல் உள்ளே வந்தார்கள். கைடின் மனைவி தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்தினால் ஒருவர் எதிரே குந்தி உட்கார்ந்து படம் எடுப்பார். சோற்றுப் பானையை ஒருவர் திறந்து பார்ப்பார். காய்ச்சலில் படுத்திருந்தவள் ஒருநாள் கண் விழித்தால், தலைமாட்டில் ஒரு குடும்பமே நின்று சிரித்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். கும்பிடுகிறவனை எப்படித் திட்டுவது?

ஆனாலும் ஒருநாள் திட்டினாள். கையிலிருந்த துடைப்பத்தை விட்டெறிந்தாள். அது வாசற்படியில் குறுக்கே விழுந்தது. வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அவள் கத்திக்கொண்டிருந்தபோதுதான், இரண்டாம் பதிப்புக்காக வந்திருந்த புத்தகக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு கைடு வாசலுக்கு வந்து சேர்ந்தான். துடைப்பத்தைப் பார்த்து அந்த அம்மா நின்றாள். "இது என்னண்ணே?" என்று கேட்டாள்.

"நோன்பு மேடம்" என்றான். எங்கிருந்து வந்ததோ அந்த வார்த்தை. "வாசல்ல துடைப்பம் குறுக்கே கிடந்தா அந்த வீட்டுக்குள்ள யாரும் போகக் கூடாது."

"உள்ளே யாரோ பேசற சத்தம் கேக்குதே?"

உள்ளே அவன் மனைவி அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள். "முன்னோர்களோட பேசறது மேடம்" என்றான். ஒரு வகையில் அது உண்மையும்கூட. "அந்த நேரத்துல குரல் கேட்டாலும் கேக்காத மாதிரி போயிடணும். நம்மளையே கூப்பிடற மாதிரிகூட இருக்கும். பதில் குடுக்கக் கூடாது. குடுத்தா அந்த வீட்டுக்கு ஆகாது."

அந்த அம்மா மயிர்க்கூச்செறிந்துபோய்க் குறிப்பெடுத்துக்கொண்டாள். புத்தகம் வந்த பிறகு நடந்தது அதிசயம். துடைப்பம் கிடக்கிற வாசலைக் கண்டால் ஜனங்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தார்கள். மனைவிக்கு அந்த நோன்புக் கதையைச் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "உங்க வாய்க்கு இன்னைக்குத்தான் ஒரு உபயோகம் வந்திருக்கு" என்றாள். குரல் விஷயத்தை மட்டும் அவன் அவளிடம் சொல்லவில்லை. அவளுடைய வசவை முன்னோர் வாக்காக்கிவிட்டேன் என்று சொன்னால் அடுத்த துடைப்பம் தன் மேல்தான் விழும் என்று விட்டுவிட்டான். அந்தப் புத்தகத்தின் மொழி அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாளடைவில் ஊர் முழுக்கத் துடைப்பம் போட ஆரம்பித்தது. நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமா, தூங்க வேண்டுமா, போடு துடைப்பத்தை. வாழ்க்கைப்பட்டு வருகிற புதுப்பெண்களுக்கு மாமியார்கள் இதையும், வெளியூர்க்காரர்கள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன குரல் சங்கதியையும் ஒரு முறையாகவே சொல்லிக்கொடுத்தார்கள். நோன்பு பிறந்த வீட்டுக்காரிக்குப் போய் யாரும் அதைச் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் ஒருவன் சாவிக்கொத்தில் கோக்கிற குட்டித் துடைப்பம் விற்றான்.

"இதையாவது யாராவது ஒத்துக்கிறாங்களான்னு பார்க்கணும்" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது கடைக்கு வெளியே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. வயதான தம்பதி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். அவர் தலையில் பெரிய தொப்பி, கழுத்தில் ஒலிப்பதிவுக் கருவி. அவர் மனைவி பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று உட்காருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்து, கணவருக்கு இடம் காட்டி, நேராக உட்காரச் சொன்னார். தொப்பிக்காரர் புத்தகக்காரம்மாவையே பார்த்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பின்னட்டைப் படத்தோடு ஒப்பிட்டார்.

"நீங்களா! அடேயப்பா!" என்று எழுந்தே விட்டார். "உங்க புத்தகத்தை வரி விடாம படிச்சிருக்கோம்மா. இன்னைக்குக் காலையில எங்களுக்கு என்ன கிடைச்சுது தெரியுமா? துடைப்ப நோன்பு! நேர்ல!"

கைடு தலையைக் குனிந்துகொண்டான். ஊரில் யாரோ நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள், இருக்கட்டும்.

"ஊர்க்கோடியில ஒரு வீடு. துடைப்பம் குறுக்கே. உள்ளேருந்து ஒரு பொம்பளைக் குரல்" என்றார் தொப்பிக்காரர். "நான் பதிவு பண்ணிட்டேன். தப்பில்லையே? உள்ள போகல, பதில் குடுக்கல. எல்லாம் புத்தகப்படிதான்."

"எனக்கு என்னமோ அது வலியில கூப்பிடற மாதிரி இருந்துச்சு" என்றார் டீச்சரம்மா. "நான் சொன்னேன். இவர்தான் பக்கத்தைத் திறந்து காமிச்சார். கூப்பிடற மாதிரிதான் இருக்கும்னு அதுலயே போட்டிருக்கே, சரின்னு வந்துட்டோம்."

தொப்பிக்காரர் கருவியைத் திருகினார். முதலில் காற்று. ஒரு கோழி. அப்புறம் குரல். மலைமொழியில், மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

'யாரு? யாரு நிக்கிறது? ஏணி சரிஞ்சிடுச்சு. காலை அசைக்க முடியல. கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்களேன். யாராச்சும் வாங்களேன். வாங்களேன்.'

"அந்தக் கடைசி வார்த்தை திரும்பத் திரும்ப வருது பாருங்க" என்றார் தொப்பிக்காரர். "பல்லவி மாதிரி."

புத்தகக்காரம்மாவின் கண்கள் பளபளத்தன. இதுவரை யாரும் பதிவு செய்யாதது. அந்தப் படித்த மனிதரின் வாயை அடைக்க இது ஒன்று போதும். "அண்ணே, என்ன சொல்றாங்கண்ணே? வரிக்கு வரி சொல்லுங்க" என்று பென்சிலை எடுத்தாள்.

கைடின் வாய் திறந்தது. பழக்க தோஷம், முன்னோர்களை அழைக்கிறார்கள் என்ற வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. தன் பெண்டாட்டியின் குரலைக் கேட்டுக்கொண்டே அப்படி ஒன்று தன் வாயில் ஊறியதே என்று பின்னால் எத்தனையோ ராத்திரி அவன் தன்னையே காறித் துப்பிக்கொள்ளப் போகிறான். அந்த வாக்கியத்தை விழுங்கினான். தம்ளர் கீழே விழுந்தது.

"எப்ப எடுத்தீங்க இதை?"

"காலையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. ஏன்?"

இப்போது வெயில் உச்சியில் நின்றது.

"அது என் பொண்டாட்டி" என்றான். "ஏணியிலேருந்து விழுந்து கிடக்கா. உள்ள வாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிடறா."

"அப்ப நோன்பு...?" என்றாள் புத்தகக்காரம்மா.

"நோன்பும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல மேடம்! நானா சொன்னது. எல்லாம் நானா சொன்னது!"

ஓடினான். இந்த மலையில் எங்கேயும் போன் எடுக்காது. எடுத்தாலும் ஊரில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் சந்தையில். வளைந்து வளைந்து போகிற பாதையை விட்டுவிட்டு, ஓடைக்கல் மேலும் முட்புதர் வழியாகவும் நேராக இறங்கினான். தொலைவில் பின்னால் புத்தகக்காரம்மாவின் குரல், "அண்ணே, நாங்களும் வர்றோம்!" என்றது. வராமல் இருந்தால் என்ன, வந்தால் என்ன. அட்டாலிப் பரணிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கித் தரச் சொல்லி அவள் போன வாரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் காலையில்கூடக் கேட்டாள். வந்து செய்கிறேன் என்று பாடிக்கொண்டே கிளம்பினான். அவளுக்கு எந்த வேலையையும் தள்ளிப்போடத் தெரியாது. ஊர் காலியாக இருக்கிறதே, எவனாவது புகுந்துவிடுவான் என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தானே ஏறியிருப்பாள். ஐயோ, ஐயோ என்று சொல்லிக்கொண்டே ஓடினான். அந்த வார்த்தையைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

ஊர்க்கோடி ஊற்றில் பக்கத்து வீட்டுப் புது மருமகள் குடத்தை நிறைத்துக்கொண்டிருந்தாள். சந்தைக்குப் போகாமல் வீட்டோடு இருந்தவள்.

"என் வீட்டுல சத்தம் கேட்டுச்சா?" என்று தூரத்திலிருந்தே கத்தினான்.

அவள் பயந்துபோய் எழுந்தாள். "கேட்டுச்சு மாமா. அக்கா குரல்தான். நான் வாசல் வரைக்கும் போனேன். துடைப்பம் கிடந்துச்சு. நம்ம வழக்கம் அதானே மாமா, அத்தை சொல்லிக்குடுத்தாங்களே. என் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டாங்க. அப்படித்தான் கூப்பிடும், திரும்பிப் பார்க்காம வந்துடணும்னு..." பாதியில் நிறுத்தினாள். அவன் முகத்தைப் பார்த்துக் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அவளும் கூடவே ஓடி வந்தாள்.

துடைப்பத்தை மிதித்துக்கொண்டு கதவைத் தள்ளினான். அட்டாலி ஏணி அடுப்பின் மேல் சாய்ந்து கிடந்தது. மூட்டை பிரிந்து கிழங்கெல்லாம் தரையில். அவள் அங்கே இல்லை. தரையில் இழுபட்ட தடம் இருந்தது. அதைப் பின்தொடர்ந்து பார்த்தால், கதவின் மறைவிலேயே கிடந்தாள். கையை நீட்டினால் கதவு எட்டும், நீட்டத் தெம்பில்லாமல் அங்கேயே ஓய்ந்துவிட்டாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போகக் கூடாத பக்கம் போயிருந்தது. பாதம் கருநீலமாக இருந்தது. உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"தண்ணி" என்றாள்.

குடித்தாள். பாதி கழுத்தில் வழிந்தது. "ரெண்டு பேரு வந்தாங்க" என்றாள். "கதவுக்கு அடியில கால் தெரிஞ்சுது. நாலு கால். கூப்பிட்டேன். அப்படியே பூனை மாதிரி பின்னாடி போச்சுங்க, அந்தக் காலுங்க."

"பேசாத. பேசாதம்மா."

"அப்புறம் இவ வந்தா." புது மருமகள் பக்கம் அவள் திரும்பவில்லை. "இவ நடை எனக்குத் தெரியாதா. இவளும் போயிட்டா." புது மருமகள் சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள்.

புத்தகக்காரம்மாவும் தம்பதியும் வந்து சேர்ந்தபோது கைடு கதவைக் கீலிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தான். ஜீப் வருகிற சாலை கீழே, படிகளைத் தாண்டி. முதுகில் சுமந்தால் கால் தொங்கும், தாங்க மாட்டாள். கட்டில் வாசலில் நுழையாது. டீச்சரம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே வந்து மண்டியிட்டு, பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னு இருக்கே" என்றார். தன் சால்வையைக் கிழித்துக் காலை ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்டினார். கட்டு கச்சிதமாக விழுந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் தரையில் போட்டார்.

கதவு கழன்று வந்தது. அதன் மேல் ஜமுக்காளத்தை விரித்து அவளைத் தூக்கி வைத்தார்கள். அப்போது அவள் கத்திய கத்தலில் கோழிகள் கூரைக்குப் பறந்தன. தலைமாட்டில் ஒரு பக்கம் கைடு, மறுபக்கம் புத்தகக்காரம்மா. கால்மாட்டில் புது மருமகளும் தொப்பிக்காரரும். கூடவே டீச்சரம்மா, ஒரு கையால் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு. வாசல் திறந்து கிடக்க, வீட்டை அப்படியே போட்டுவிட்டு இறங்கினார்கள்.

படிகள் செங்குத்தானவை. ஒவ்வொரு படிக்கும் அவள் முனகினாள். கதவின் விளிம்பைப் பிடித்திருந்த அவன் மணிக்கட்டை அவள் பற்றிக்கொண்டாள். நகம் பதிந்தது. பதியட்டும் என்று இருந்தது அவனுக்கு. உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

"இன்னும் என்னெல்லாம்ணே?" என்றாள் புத்தகக்காரம்மா மூச்சிரைப்புக்கு நடுவில், அவனைப் பார்க்காமல். "பாத்திரம் கவுக்கறது, விதைக்கிற அன்னைக்குப் பேசாம இருக்கறது... எல்லாமா?"

"படியைப் பாருங்க மேடம்."

"நான் ஊர் ஊரா போய்ப் பேசியிருக்கேண்ணே, அந்தத் துடைப்பத்தைப் பத்தி" என்றாள். அவள் குரல் உடைந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. தன் பக்கத்து மூலையை மட்டும் தாழ விடாமல் தூக்கிப் பிடித்து நடந்தாள்.

திருப்பத்தில் கதவை ஒரு பாறை மேல் இறக்கி மூச்சு வாங்கினார்கள். கீழே சாலை தெரிந்தது. ஜீப் எதுவும் தெரியவில்லை. டீச்சரம்மா பாதத்தின் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, "இது தெரியுதாம்மா? இது?" என்று கேட்டார். மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்தது. மனைவி இல்லையென்று தலையசைத்தாள். மறுபடி தூக்கினார்கள்.

"ஏங்க" என்றாள், மலைமொழியில்.

"சொல்லும்மா."

"துடைப்பம் கிடந்தா உள்ள வரக் கூடாது. அது சரி, அது எனக்கும் தெரியும். ஆனா நான் கூப்பிட்டேனே. தொண்டை கட்டற வரைக்கும் கூப்பிட்டேன். கூப்பிட்டும் ஏன் ஒருத்தரும் வரல?"

கால்மாட்டிலிருந்த புது மருமகளுக்கு அது புரிந்தது. அவள் நிமிர்ந்து, "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. நான் சொல்றேன்" என்றான் கைடு.

அவன் வாழ்க்கையில் எதையும் இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை. அன்றைக்கு நீ உள்ளே என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய், இந்த அம்மா என்ன சத்தம் என்று கேட்டது, கூப்பிட்டாலும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். கேட்டவர்கள் முகம் மலரும்படியாக அதில் எதுவுமே இல்லை.

அடுத்த படியில் கதவு குலுங்கியது. அவன் மணிக்கட்டிலிருந்து அவள் விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டுமென்று கையால் பலகையைத் துழாவினாள். இடுப்பருகே பலகையில் அடித்திருந்த இரும்புத் தாழ்ப்பாள் அகப்பட்டது. அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். கீழே வளைவில் ஏதோ வண்டியின் ஹாரன் கேட்டது. அது ஏறி வருகிறதா இறங்கிப் போகிறதா என்று தெரியாமல் அவர்கள் வேகமாக இறங்கினார்கள். ஒவ்வொரு படிக்கும் அந்தத் தாழ்ப்பாள் அவள் கைக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.